வேக மீன்பிடிப் படகுக்கு எந்த மர உடல்? இழை ஓடும் திசையிலிருந்து ஓர் ஒப்பீடு

தூண்டில் மீன்பிடிப்புக்கென்றே கட்டும் வேகப் படகின் வயிறு படும் பாடு தனி. 25, 30 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் எதிரலையில் போகும்போது அது முகட்டைத் தாண்டி எழும்பி அடுத்த பள்ளத்தில் அறைகிறது. ஒரு நாள் ஓட்டத்தில் இந்த அறைக்குக் கணக்கே கிடையாது. பெரிய மீன் மாட்டினால் படகைப் பின்னோக்கி விரட்டுவார்கள். அப்போது பின்பலகை நேராக அலையை வாங்கும். மீனோடு போராட உட்காரும் சுழல் நாற்காலியின் கால், தளத்தை ஒரே இடத்தில் பிடுங்கப் பார்க்கும். வடிவமும் லேசானதில்லை. அணியத்தின் பக்கச்சுவர் கீழே ஒடுங்கி, மேலே போகப் போக உட்குழிந்து வெளியே விரியும். இதைத்தான் ஃபிளேர் என்கிறோம். வட கரோலினாவின் ஒரிகன் இன்லெட் போன்ற ஆழமற்ற முகத்துவாரங்களில், உடையும் அலைக்குள் புகுந்து வெளியேற வேண்டிய படகுகளில் இந்த வடிவம் வளர்ந்தது. தெறிக்கும் நீரை அது படகுக்கு வெளியே மடக்கிப் போடும்.

இந்த வடிவத்தை மரத்தில் எடுக்க முக்கியமாக நான்கு வழிகள் உண்டு: வங்குகள் எனும் குறுக்கு விலாச்சட்டங்கள்மேல் பலகை அறைவது, மெல்லிய சட்டங்களைப் பக்கவாட்டில் ஒட்டி அடுக்கும் ஸ்ட்ரிப் முறை, முழு பிளைவுட் தாளை வளைத்துப் போர்த்துவது, மெல்லிய அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக எப்பாக்சி எனும் செயற்கைப் பிசினில் ஒட்டும் கோல்ட் மோல்டிங். "இதில் எது வலுவானது?" என்று கேட்டுத்தான் பலரும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி முடிவெடுக்க உதவாது. நன்றாகக் கட்டினால் நான்குமே வலுவானவைதான். கேட்க வேண்டியது, மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, அதைத் தாங்கும் எலும்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது.

மரம் இழை நெடுக இரும்பு மாதிரி, குறுக்கே அப்பளம் மாதிரி. விறைப்பை எடுத்துக்கொண்டால் குறுக்குத் திசையில் கிடைப்பது நெடுக்குத் திசையின் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஈரத்துக்கு அசைவதும் குறுக்கேதான். பச்சை மரம் முழுதாகக் காயும்போது ஒயிட் ஓக் அகலத்தில் 10 சதவீதம் வரை சுருங்கும், அட்லாண்டிக் வெள்ளை சீடார் 5 சதவீதம் வரை. நீளவாக்கில் இரண்டுமே அரைச் சதவீதம்கூட அசையாது. இந்த இரண்டு பலவீனங்களுக்கும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்தான் படகின் எடை, கசிவு, பழுது, ஆயுள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வங்கும் பலகையும்

பழைய முறையின் பதில் நேரானது: பலகை அசையட்டும், குறுக்கே எலும்பு தாங்கட்டும். ஏராவின்மேல், அதாவது படகின் நடு அடிக்கட்டையின்மேல், 30 முதல் 40 செ.மீ. இடைவெளியில் வங்குகள் நிற்கும். அவற்றின்மேல் 25 மி.மீ. தடிமன், 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள சீடார் பலகைகள் நீளவாக்கில் ஓடும். வங்குக்கும் வங்குக்கும் நடுவே உள்ள குறுகிய தூரத்தைப் பலகையின் இழை நேராகக் கடப்பதால் இதில் கணக்குப் பிசகே இல்லை. பொருத்துகள் உட்பக்கம் இறுகியும் வெளிப்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் விரிந்தும் இருக்கும்படி பலகை ஓரத்தை இழைக்க வேண்டும். அந்த விரிவில் பருத்தித் திரியைக் கலப்பத்து உளியால் அடித்து, மேலே மக்கு பூசுவார்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊதி, பொருத்து தானே இறுகும்.

திரியை அளவாக அடிப்பதில்தான் அனுபவம் தெரியும். தளர்வாக அடித்தால் முதல் எதிரலையிலேயே துப்பிவிடும். அளவுக்கு மீறி அடித்தால், பலகை ஊதும்போது போக இடமில்லாமல் வங்கையே நெம்பும். திருகாணித் தலைகள் பலகைக்குள் இழுபடும்.

திருகாணி சிலிக்கான் வெண்கலமாக இருக்க வேண்டும், பலகைத் தடிமனைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு நீளம். துருப்பிடிக்காத எஃகு இங்கே காலை வாரிவிடும். அதைக் காப்பது காற்றில் உள்ள ஆக்சிஜன் உருவாக்கும் மெல்லிய படலம். நனைந்த மரத்துக்குள் அந்த ஆக்சிஜன் கிடைக்காது. தலை பளபளப்பாக இருக்கும், கழுத்து உள்ளே அரித்துப் போயிருக்கும். இன்னொரு தவறு, உலோக அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டிகளை அளவுக்கு மேல் மாட்டுவது. உலோகம் தப்பிக்கும், ஆனால் அதைச் சுற்றிக் காரம் ஊறி மரத்தை நாராக்கிவிடும். தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே வெண்கலக் குழாய்வாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, மரம் பஞ்சாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வேகப் படகுக்கு இந்த முறையில் உள்ள குறை அறைதல். 30 நாட்டில் ஒவ்வோர் அறையும் பொருத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும். ஏராவை ஒட்டிய முதல் பலகையின் பொருத்துதான் எப்போதும் முதலில் கசியும். கரையில் டிரெய்லரில் நிற்கும் படகு என்றால் இந்த முறையை யோசிக்கவே வேண்டாம். இரண்டு வாரம் வெயிலில் நின்றால் பொருத்தெல்லாம் பல்லிளிக்கும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உள்ள வெதுவெதுப்பான நீரில் அடிப்பூச்சில் நகம் பட்ட அளவு கீறல் விழுந்தாலும் வழி கிடைத்துவிடும்.

ஆனால் பழுதுபார்ப்பதில் இதற்கு ஈடு இல்லை. உடைந்த பலகையைக் கழற்றி, புதியதை அளவெடுத்துச் செதுக்கி அறைந்தால் வேலை முடிந்தது. காய வைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் படகு, கூப்பிட்டால் வரக்கூடிய கலப்பத்துக்காரர், 20 நாட்டுக்கு உட்பட்ட வேகம், இந்த மூன்றும் இருந்தால் இந்த முறை இன்றைக்கும் நல்ல முறைதான்.

செய்யவே கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கசிகிற பழைய பலகைப் படகின்மேல் மெல்லிய கண்ணாடியிழைத் தோல் போர்த்தினால் கசிவு நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். பாலியெஸ்டர் பிசினாக இருந்தால் நனைந்த மரத்திலிருந்து தாளாக உரிந்து வரும். எப்பாக்சியாக இருந்தாலும் உள்ளே பலகை அசைந்துகொண்டே இருக்கும். தோல் பொருத்தின் நேர்கோட்டில் கிழியும். கிழிந்த வழியாகப் போன தண்ணீர் வெளியே வராது. பலகை இரண்டே ஆண்டில் உளுத்துப் போகலாம்.

ஸ்ட்ரிப் முறை

20 மி.மீ. தடிமன், 30 முதல் 40 மி.மீ. அகலமுள்ள சீடார் சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவது. ஒரு ஓரம் குழிவாகவும் மறு ஓரம் குவிவாகவும் இழைத்த சட்டம் என்றால் வளைவிலும் இடைவெளி விழாது. ஃபிளேர் போன்ற இரட்டை வளைவுக்கு இது வழிந்து பொருந்தும். ஒருவரே தனியாகச் செய்யலாம். இத்தனை சுலபமாக இருப்பதால்தான் பலர் இதில் இறங்குகிறார்கள்.

இழைக் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. வேகப் படகின் அடிப்பகுதியை இன்று பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்கள் தாங்குகின்றன. ஸ்ட்ரிங்கருக்கும் ஸ்ட்ரிங்கருக்கும் இடையே உள்ள குறுகிய தூரம் குறுக்குத் திசையில் இருக்கிறது. அறை விழும்போது அந்தத் திசையில்தான் உடல் வளையும். ஸ்ட்ரிப்பின் இழையோ நெடுக்கே ஓடுகிறது. மரத்தின் மிகப் பலவீனமான திசைக்கு மிகப் பெரிய சுமையைக் கொடுக்கிறோம். அதைக் காப்பாற்றுவது உள்ளும் புறமும் போர்த்திய கண்ணாடியிழை மட்டுமே. ஆகவே ஸ்ட்ரிப் உடலை மர உடல் என்று நினைக்கக் கூடாது. மர நடுவயிறு வைத்த கண்ணாடியிழை உடல் என்று நினைத்தே கணக்குப் போட வேண்டும். உட்பக்கத் தோலை மெல்லியதாக்கிச் செலவை மிச்சம் பிடித்தால், அறை விழும்போது இழுபடுவது அந்த உட்தோல்தான். கோடாக வெடிக்கும்.

தேய்ப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. சட்டங்களுக்கிடையே பிதுங்கும் எப்பாக்சி காய்ந்தால் கல்; பக்கத்தில் இருக்கும் சீடார் நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் மரம். காய்ந்தபின் தேய்த்தால் பசை நிற்கும், மரம் குழியும், உடல் முழுக்க அலை அலையாகும். பசை ரப்பர் பதத்தில் இருக்கும்போதே சுரண்டியால் வழித்துவிடுவதுதான் ஒரே மருந்து.

பிளைவுட் தாள்

இங்கே குறுக்கிழை வேலையை ஆலையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. கடல் பிளைவுட்டுக்கான பி.எஸ். 1088 தரத்தில் 9 அல்லது 12 மி.மீ. ஒகூமே மரத் தாளை 1-க்கு 8 சரிவில் செதுக்கி ஒட்டி நீளமாக்கி, அடிப்பகுதியும் பக்கச்சுவரும் சேரும் சைன் மடிப்பிலும் ஏராவிலும் இணைத்துவிட்டால் உடலின் பெரும்பகுதி வாரங்களில் எழுந்துவிடும். தாள் ஒரு திசையில்தான் வளையும். தாளைச் சுருட்டிக் கூம்பாக்கலாம், கிண்ணமாக்க முடியாது. ஆகவே உண்மையான ஃபிளேர் இதில் வராது. வர வைக்க முயன்று கிளாம்ப் போட்டு முறுக்கினால் தாளின் வெளி வெனீர், அதாவது மேலுள்ள மெல்லிய மரப்படலம், கீறும், அல்லது ஒட்டு தன்னையே பிய்த்துக்கொள்ளத் தயாராக இறுகி நிற்கும். 18 முதல் 24 அடி வரையுள்ள, டிரெய்லரில் ஏற்றும், நேர் பக்கச்சுவர் போதும் என்று இருக்கும் படகுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கம்பியால் தைத்து, உள்மூலைகளை எப்பாக்சிக் குழைவால் வளைவாக நிரப்பி, கண்ணாடியிழை நாடா ஒட்டும் முறையில், கட்டும்போது உடலைத் தாங்கும் ஜிக் எனும் அச்சுச் சட்டகம்கூட வேண்டாம்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகை ஏறும் முறையும் சிறு படகுகளில் உண்டு. லேசானது, அழகானது, ஆனால் வேகத்தில் ஒவ்வொரு விளிம்பும் தண்ணீரை அறைந்து சத்தமிடும், அறைதலில் விளிம்பு ஒட்டுகள் திறக்கும். இந்த வேலைக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

கோல்ட் மோல்டிங்

பெயரில் உள்ள 'கோல்ட்' ஒரு பழைய வேறுபாட்டைச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலப் பசைகளில் சிலவற்றை இறுக வைக்கச் சூடும் அழுத்தமும் கொடுக்க வேண்டியிருந்தது. போருக்குப் பின் இங்கிலாந்தின் ஃபேரி மரீன் நிறுவனம் படகு உடல்களை அப்படி அழுத்தச் சூளையில் ஏற்றித்தான் ஒட்டியது. அறை வெப்பத்திலேயே இறுகும் எப்பாக்சி வந்தபின் சூளை தேவையில்லாமல் போயிற்று. மிச்சிகனின் கவ்ஜியன் சகோதரர்கள் 1970 வாக்கில் இந்த முறையைப் படகுக்கென ஒழுங்குபடுத்திப் பரப்பினார்கள். இன்று பெரிய மரத் தூண்டில் படகுகளில் புதிதாகக் கட்டப்படுபவை பெரும்பாலும் இந்த வழியில்தான்.

படகைத் தலைகீழாகக் கட்டுவார்கள். 60 செ.மீ.க்கு ஒன்றாக வார்ப்புச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் 15 செ.மீ. இடைவெளியில் நெடுஞ்சட்டங்கள் ஓடும். முதல் அடுக்கு, 6 மி.மீ. பிளைவுட்டிலிருந்து 15, 20 செ.மீ. அகலத்தில் அறுத்த பட்டைகள், 45 பாகைச் சாய்வில் ஏறும். ஃபிளேர் உள்ள இடத்தில் பட்டையை 8, 10 செ.மீ.க்குக் குறுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் அடுக்கு எதிர்ச்சாய்வு. மூன்றாவது நெடுக்கே. மூன்றாவதை விட்டுவிடக் கூடாது: இரண்டும் 45 பாகையில் நின்றால் முறுக்கத்தைத் தாங்கும், ஆனால் படகின் முழு நீள விறைப்பு ஸ்ட்ரிங்கர் தலையில் மட்டும் விழும்.

12 மி.மீ. தாள் ஒன்றுக்குப் பதில் 6 மி.மீ. இரண்டு ஏன்? தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஒவ்வொரு 6 மி.மீ. பட்டைக்கும் எட்டில் ஒரு பங்கு விறைப்புதான், இரண்டையும் சேர்த்து வளைக்கவும் கால் பங்கு விசை போதும். ஒட்டு இறுகியதும் இரண்டும் ஒன்றாகி முழு 12 மி.மீ. விறைப்பு திரும்பக் கிடைக்கும். வளைவை உடல் பிடித்துக்கொள்ளும்; மரம் திமிறாது.

இரண்டாம் அடுக்கு ஏறும் ஒரு மணி நேரத்தை அருகில் நின்று பார்த்தால் இந்த முறையின் பலமும் பலவீனமும் தெரியும். முதல் அடுக்கின் முகத்திலும் புதுப் பட்டையின் முதுகிலும் முதலில் கலப்பில்லாத எப்பாக்சியைத் தடவி, மரம் குடிக்கும் வரை சில நிமிடம் விட வேண்டும். இதைத் தாண்டிவிட்டு நேராகக் கெட்டிப்பசை போட்டால், பசையில் உள்ள பிசினை மரம் உறிஞ்சி ஒட்டைப் பட்டினி போட்டுவிடும். அதன்பின் சிலிக்கா கலந்து வழியாத பதத்துக்கு இறுக்கிய பசையைப் பல் கரண்டியால் இழுப்பார்கள். பட்டையை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு 7 முதல் 10 செ.மீ.க்கு ஒரு ஸ்டேபிள். ஓரங்களில் பசை மணிமணியாகப் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடம் பிறகு பொத்தலாகும் இடம். அதை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த பட்டை முந்தையதோடு நேராகச் சேராது. இரட்டை வளைவில் இணை ஓரங்கள் இருக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் அளந்து இழைக்க வேண்டும். நேரமெல்லாம் போவது இங்கேதான்.

ஒட்டு அழுத்தத்துக்கு எப்பாக்சி அலட்டிக்கொள்ளாது, தொட்டிருந்தால் போதும். ஆனால் ஸ்டேபிள்களுக்கு நடுவே தொட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மெல்லிய வெனீர் என்றால் வெற்றிடப் பை போடலாம். முக்கால் வெற்றிடத்திலேயே ஒரு சதுர மீட்டரில் ஏழு டன்னுக்கு மேல் சீராக அழுத்தும். எப்படிச் செய்தாலும் இறுகியபின் சிறு சுத்தியலால் உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டொப்' என்று தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை இரண்டு போட்டு, ஒன்றில் ஊசியால் எப்பாக்சியைச் செலுத்த வேண்டும், மற்றதில் வெளிவரும் வரை.

பசைச் செலவைக் குறைத்து மதிப்பிடுவது வழக்கமான பிழை. ஒட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றாலே ஒரு சதுர மீட்டருக்கு 550 கிராம் ஆகிறது. மூன்று அடுக்கில் இரண்டு ஒட்டு, வெளித்தோல், உட்பூச்சு எல்லாம் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 2 கிலோ எப்பாக்சி என்று வைத்துக்கொள்ளலாம். 100 சதுர மீட்டர் உடலுக்கு 200 கிலோ, சிந்தியதும் கிண்ணத்தில் கெட்டுப்போனதும் தனி.

எடை, கையால் போட்ட கணக்கு

பக்கச்சுவரில் ஒரு சதுர மீட்டர். 25 மி.மீ. சீடார் பலகை சுமார் 9 கிலோ. 40-க்கு 60 மி.மீ. ஓக் வங்கு 35 செ.மீ.க்கு ஒன்று என்றால் இன்னும் 5 கிலோ, திருகாணி தனி. ஆக 14-க்கு மேல். ஸ்ட்ரிப்பில் 20 மி.மீ. சீடார் ஏழரை, இருபுறமும் 600 கிராம் கண்ணாடியிழையும் அதே எடைப் பிசினும் சேர்த்து இரண்டரை, மொத்தம் 10. கோல்ட் மோல்டிங்கில் மூன்று 6 மி.மீ. ஒகூமே எட்டரை, ஒட்டு ஒன்று, வெளித்தோல் ஒன்றே கால், பூச்சோடு 11. ஸ்ட்ரிப்புக்கும் கோல்ட் மோல்டிங்குக்கும் இடையே உள்ள ஒரு கிலோவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்த ஒரு கிலோவில்தான் குறுக்கிழை இருக்கிறது. இவை மாதிரி அளவுகள். உங்கள் படகின் தடிமனை வடிவமைப்பாளரோ, சிறு படகு உடல் வலிமைக்கான ஐ.எஸ்.ஓ. 12215-5 விதியோ முடிவு செய்யட்டும்.

தண்ணீர் நுழையும் வழி

பலகைப் படகு நனைந்தே வாழும். எப்பாக்சிப் படகு உள்ளே நனையவே கூடாது. ஒட்டும்போது மரம் 8 முதல் 12 சதவீத ஈரத்தில் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடும். கடல் நீரைவிட மழைநீர் ஆபத்தானது, உப்பு பூஞ்சையைத் தடுக்கும், மழைநீர் அழைக்கும். அதனால்தான் உளுப்பு பெரும்பாலும் தண்ணீர்க்கோட்டுக்கு மேலே தொடங்குகிறது: மீனை இழுத்துப் போடப் பின்சுவரில் வெட்டிய கதவின் விளிம்பு, நாற்காலிக் காலின் போல்ட், தூண்டில் தண்டு பிடிக்கும் குழல், தள வடிகால்.

ஒவ்வொரு துளைக்கும் ஒரே விதி. 10 மி.மீ. போல்ட் என்றால் 16 மி.மீ. துளை போட்டு, கெட்டி எப்பாக்சியால் முழுக்க அடைத்து, இறுகியபின் நடுவே 10 மி.மீ. துளைக்க வேண்டும். அப்போது போல்ட் மரத்தையே தொடாது. படகு முடிந்தபின் புதுக் கருவி மாட்ட வருபவர் ஒரு திருகாணியை நேராக முறுக்கிவிட்டுப் போவார். பத்து ஆண்டு உழைப்பை அந்த ஒரு துளை குலைத்துவிடும்.

பூச்சு ஏற்றும் நேரமும் முக்கியம். காலையில் வெயில் ஏறும்போது எப்பாக்சி தடவினால் மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து குமிழாக வெளிவரும், குமிழ் இருந்த இடம் ஊசித்துளையாக நிற்கும். மாலையில் மரம் குளிரும்போது தடவினால் அதே காற்று சுருங்கி, பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். கரு நீலம், கறுப்பு வண்ணங்களை விட்டுவிடுங்கள். வெயிலில் அந்தத் தோலின் சூடு சாதாரண எப்பாக்சி இளகத் தொடங்கும் 50, 60 பாகையைத் தாண்டிவிடும். உள்ளே உள்ள பட்டைகளின் கோடெல்லாம் மேலே தெரியும்.

எதை எடுப்பது

24 அடிக்குள், டிரெய்லர், நேர்ச்சுவர்: பிளைவுட் தாள். 28 அடிக்கு மேல், ஃபிளேர் வேண்டும், 25 நாட்டுக்கு மேல் வேகம்: கோல்ட் மோல்டிங். உழைப்பு அதிகம்தான், ஆனால் ஸ்ட்ரிங்கர் அமைப்போடு இழை ஒத்துப்போவது இதில்தான்.

ஆள் குறைவு, ஜிக் போட மரம் குறைவு என்றால் ஒரு கலப்பு வழி கைகொடுக்கும். பக்கச்சுவருக்கு மட்டும் 12 முதல் 15 மி.மீ. ஸ்ட்ரிப் ஓட்டி, அதையே அச்சாக வைத்து அதன்மேல் இரண்டு சாய்வு வெனீர் ஒட்டுவது. நெருக்கமான நெடுஞ்சட்டங்கள் வேண்டாம், நெடுக்கிழையும் கிடைத்துவிடும், குறுக்கிழையும் கிடைத்துவிடும். அடிப்பகுதியில் வளைவு குறைவு என்பதால் அங்கே பெரிய பிளைவுட் துண்டுகளை இரண்டு மூன்று அடுக்காக, பொருத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தள்ளித் தள்ளி ஒட்டினால் போதும்.

எதைத் தேர்ந்தாலும் மரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வாங்கப்போகும் மரத்தில் கையளவு துண்டுகள் ஆறு எடுத்து, வாங்கப்போகும் பசையால் இரண்டிரண்டாக ஒட்டி, ஒரு வாரம் இறுக விட்டு, ஒரு ஜோடியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஒட்டுக்கோட்டில் உளி வைத்துப் பிளந்து பாருங்கள். பிளவு மரத்துக்குள் ஓடி இருபுறமும் நார் தெரிந்தால் சரி. ஒட்டு கண்ணாடிபோல் பளபளவென்று விட்டுவந்தால் அந்த மரத்துக்கும் அந்தப் பசைக்கும் ஒத்துவராது. ஒயிட் ஓக்கில் இது அடிக்கடி நடக்கும். தேக்கில், ஒட்டுவதற்குச் சற்று முன் எண்ணெய்ப் பசையை அசிட்டோனால் துடைக்காமல் விட்டாலும் நடக்கும்.